போர்டுவாக் எம்பயர்: உங்களைப் பிடித்து நிறுத்திய இடம் எது?

எடிசன்வாசி:
நானே தொடங்குகிறேன். 2010 முதல் 2014 வரை எச்பிஓ சேனலில் ஐந்து சீசன் ஓடிய தொடர் இது. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வருவதற்கு முந்தைய இரவு, 1920 ஜனவரியில், அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில் கதை தொடங்குகிறது. மதுவை ஒழிக்கப் போராடும் பெண்களின் கூட்டத்தில் குடியின் கொடுமையைச் சொல்லிக் கண்ணீர் வரவழைத்துவிட்டு, நேராக விருந்துக்குப் போய் ஊர்ப் பெரிய மனிதர்களோடு கிளாஸைத் தூக்குகிறார் ஊரையே கையில் வைத்திருக்கும் கதாநாயகன் நக்கி தாம்ப்சன் (நடித்தவர் ஸ்டீவ் புஸ்ஸெமி). அதிலேயே நான் விழுந்துவிட்டேன்.

நியூஜெர்சியில் குடியிருந்துகொண்டு அட்லாண்டிக் சிட்டி போகாமல் இருக்க முடியுமா? தொடரில் பார்க்கும் போர்டுவாக் (கடற்கரையோர மரப்பலகை நடைபாதை) அங்கே கிடையாது, தெரிந்துதான் போனேன். அது நியூயார்க்கின் புரூக்ளினில் கிரீன்பாயிண்ட் பக்கம் ஒரு காலி மனையில் சுமார் 300 அடி நீளத்துக்குப் போட்ட செட். கடல் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. நிஜ ஊரில் இப்போது கேசினோக்கள்தான். ஆனால் ஆளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்த நாற்காலி வண்டி மட்டும் இன்னும் ஓடுகிறது. தள்ளிய பெரியவரிடம் நக்கி பேச்சை எடுத்தேன். பழைய ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல் கட்டடத்தைக் கைகாட்டி, "ஒன்பதாவது மாடி முழுக்க அவர்தான்" என்றார். அவர் சொன்னது நிஜ நக்கியை, அந்தப் பாத்திரத்துக்கு மூலமான ஈனாக் ஜான்சனை. இப்போது அது அபார்ட்மெண்ட். மளிகைப் பையோடு ஒருவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

நைட் ட்யூட்டி நர்ஸ்:
அண்ணா, எனக்குத் துப்பாக்கி, ரத்தம் எதுவும் ஒட்டவில்லை. முதல் எபிசோடில் நக்கி ஒரு கண்ணாடி ஜன்னல் முன்னால் நின்று இன்குபேட்டரில் இருக்கும் குறைமாதக் குழந்தைகளைப் பார்ப்பாரே, அங்கே வீடியோவை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டேன். என் வேலையே பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வில்தான். கடற்கரை வேடிக்கைக் கடைகளுக்கு நடுவில் இதை எதற்குக் கற்பனை செய்து சேர்த்தார்கள் என்று எரிச்சலோடு தேடினால், அத்தனையும் நிஜம்! மார்ட்டின் கூனி என்பவர் அட்லாண்டிக் சிட்டியிலும் நியூயார்க் கடற்கரையான கோனி ஐலேண்டிலும் குழந்தைகளை இப்படிக் காட்சிக்கு வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்களிடம் டிக்கெட் காசு. பெற்றோரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இன்குபேட்டரே இல்லை. கோனி ஐலேண்டில் 1943 வரை நடந்திருக்கிறது. அவரிடம் பிழைத்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில். சரியா தப்பா என்று எங்கள் வார்டில் ஒரு ராத்திரி பூரா சண்டை. நான் அந்த ஆள் பக்கம்தான்.

மெடிக்கல் ஷாப்காரன்:
சிஸ்டர் சொன்னதைப் படித்ததும் எனக்குக் கள்ளச்சாராய வியாபாரி ஜார்ஜ் ரீமஸ் ஞாபகம் வந்துவிட்டது. தொடரில் தன்னைத் தானே "ரீமஸ் இப்படி நினைக்கிறான்" என்று மூன்றாம் மனிதனாகப் பேசும் கோமாளி. நிஜத்தில் அந்த ஆள் முதலில் மருந்தாளுநர், அப்புறம் வக்கீல். டாக்டர் சீட்டு இருந்தால் விஸ்கியை மருந்தாக விற்கலாம் என்று சட்டத்திலேயே வழி இருந்தது. சின்சினாட்டிக்குப் போய் சாராய ஆலைகளையும் மருந்துக் கம்பெனிகளையும் வாங்கி, தன் லாரியைத் தன் ஆட்களை வைத்தே கொள்ளையடித்து, சரக்கைக் கள்ளச்சந்தைக்குத் தள்ளினார். கல்லாவில் உட்கார்ந்து சீட்டு வாங்கி வாங்கிப் பார்க்கிற எனக்கு அந்த மூளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஆடிட்டர் தம்பி:
எல்லோரும் தொடரின் முடிவைப் பற்றியே பேசுகிறார்கள் (பார்க்காதவர்களுக்காகச் சொல்லவில்லை). எனக்கு நிஜ நக்கியின் முடிவுதான் ருசி. அவர் யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை. சிகாகோ தாதா அல் கபோனைப் போலவே இவரும் மாட்டியது வருமான வரியில். நம்பர் சூதாட்டக்காரர்களிடம் வாங்கிய சுமார் 1,25,000 டாலரைக் கணக்கில் காட்டவில்லை என்று வழக்கு. 1941இல் 10 வருடச் சிறை, 20,000 டாலர் அபராதம். நாலு வருடத்தில் பரோலில் வெளியே வந்தார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மாடி முழுக்க வைத்திருந்த மனுஷன், கட்ட வழியில்லாத ஏழை என்று உறுதிமொழி கொடுத்து அபராதத்திலிருந்து தப்பித்துக்கொண்டார். 1968 வரை இருந்தார். என் கிளையண்ட் ஒருவரிடம் இதைச் சொன்னேன்; "அந்த ஃபார்ம் நம்ம ஊரில் கிடைக்குமா சார்?" என்றார்.