சிங்கப்பூர் தோ பாயோ குடும்பக் குழு: ஞாயிறு மெக்ரிட்சி நடை

*சனிக்கிழமை*

இரவு 8:12 கவிதா: நாளைக்கு மெக்ரிட்சி உறுதிதானே? அத்தை அடுத்த வாரம் தஞ்சாவூர் கிளம்பிவிடுவார். மரீனா பே, செந்தோசா எல்லாம் பார்த்தாயிற்று, காடுதான் பாக்கி.

8:14 அத்தை: இந்த ஊரில் காடா? திரும்பின பக்கமெல்லாம் அடுக்குமாடியாக அல்லவா இருக்கிறது!

8:19 பெரியப்பா: ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது பார்வதி. 1868-இல் அங்கே நீர்த்தேக்கம் கட்டி முடித்தார்கள். தண்ணீர் கெடக்கூடாது என்று சுற்றியிருந்த காட்டில் கைவைக்க விடவில்லை. மிச்சம் தப்பித்தது அப்படித்தான். முன்பு தாம்சன் ரோடு நீர்த்தேக்கம் என்று பெயர். மெக்ரிட்சி என்பது நகராட்சி இன்ஜினியர் ஒருவரின் பெயர், 1922-இல் வைத்தது.

8:20 அர்ஜுன்: பெரியப்பா, வரலாற்றை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த வழியாகப் போகிறோம்?

8:23 கவிதா: நீர்த்தேக்கப் பூங்காவில் தொடங்கினால் மரங்களுக்கு மேலே போகும் தொங்குபாலத்துக்கு நாலரை கிலோமீட்டர். வீனஸ் டிரைவ் பக்கமாகப் போனால் ஏறக்குறைய இரண்டரை. அத்தைக்காக வீனஸ் டிரைவ்.

8:25 சித்தி: பாலம் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை கவிதா. 250 மீட்டர், பேசிக்கொண்டே கடந்துவிடலாம். அதற்கப்புறம் காட்டுக்குள் படி படியாக வருமே, அதை யோசித்தாயா? பாலம் ஒருவழி. ஏறிவிட்டால் வந்த வழியே திரும்ப முடியாது. அண்ணிக்கு முட்டி வலி வேறு.

8:26 அத்தை: எனக்கு முட்டி வலி என்று யார் சொன்னது? போன தை மாதம் மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் வரை ஏறி இறங்கினேன்.

8:26 சித்தி: அங்கே நடுவில் உட்கார தாயுமானவர் சன்னதி இருக்கிறது அண்ணி 😄

8:31 கவிதா: சரி, சண்டை வேண்டாம். நான், அர்ஜுன், அத்தை பாலத்துக்கு. பெரியப்பாவும் சித்தியும் நீர்த்தேக்கக் கரையில் பலகைப் பாதையில் நடக்கட்டும், அது சமதளம். முடித்துவிட்டு எல்லோரும் அப்பர் தாம்சன் புரோட்டா கடையில் சந்திப்போம். சனி ஞாயிறில் பாலத்தைக் காலை எட்டரைக்கே திறந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது, குரங்குகள் அதைப் பார்த்தாலே சாப்பாடு என்று வந்துவிடும்.

8:33 அத்தை: பாவம், இரண்டு வாழைப்பழம் போட்டால் என்ன?

8:34 அர்ஜுன்: முதல் தடவை மாட்டினாலே ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம் அத்தை.

8:36 அத்தை: நம்ம ஊர்க் காசுக்கு மூன்று லட்சத்துக்கு மேலே! பழத்தை நானே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

*ஞாயிற்றுக்கிழமை*

காலை 7:48 அர்ஜுன்: அப்பர் தாம்சன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வந்துவிட்டோம். வீனஸ் டிரைவ் கார் நிறுத்துமிடம் இப்போதே நிரம்பிவிட்டது. நல்லவேளை, கார் எடுக்கவில்லை.

8:10 கவிதா: 📷 இந்த மரத்தில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

8:12 சித்தி: மரம்தான் இருக்கிறது.

8:13 கவிதா: நடுவில் பாருங்கள் சித்தி, பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பறக்கும் லீமர் என்கிறார்கள். உண்மையில் அது பறப்பதும் இல்லை, குரங்கு இனத்து லீமரும் இல்லை. கைகால்களுக்கு நடுவே இருக்கும் தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும். பகலில் இப்படித் தூக்கம். கண்டுபிடித்தது அத்தை!

8:15 அத்தை: மரத்தில் ஏதோ வீங்கியிருக்கிறதே என்று கிட்டே போய்ப் பார்த்தேன், அவ்வளவுதான். வழியில் ஓர் உடும்பு, நம்ம ஊர் உடும்பைவிடப் பெரிது. ஒதுங்கவே இல்லை, நாங்கள்தான் ஒதுங்கினோம். ரெட்டைவால் குருவியும் பார்த்தேன். வால் நுனியில் இரண்டு பக்கமும் துடுப்பு கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது, அழகு.

8:41 அர்ஜுன்: குரங்குச் செய்தி. எங்களுக்கு முன்னால் போனவர் ரொட்டிப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனார். பின்னாலிருந்து ஒன்று வந்து ஒரே இழுப்பு. அவர் பையின் பிடியோடு நிற்கிறார், ரொட்டி மரத்தில் இருக்கிறது 😂

8:43 பெரியப்பா: குரங்கைக் குறை சொல்லாதே. தின்னக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கியது மனிதர்கள்தான்.

8:55 கவிதா: வனக்காவலர் நிலையம். கழிப்பறை, குடிநீர் இரண்டும் இங்கே உண்டு. இனி பாலம்தான்.

9:22 கவிதா: 📷📷📷

9:24 கவிதா: நடுப்பாலத்தில் நிற்கிறோம். அதிக உயரம் 25 மீட்டர் இருக்கும். பாலம் குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும். கீழே குனிந்தால் மரங்களின் தலை தெரிகிறது. தூரத்தில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கம்.

9:25 அத்தை: அர்ஜுன் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வருகிறான் 😀

9:25 அர்ஜுன்: பாலம் ஆடுகிறது அத்தை. தேசிய சேவையில், ராணுவப் பயிற்சியின்போது கயிறு ஏறினேன், அது வேறு.

9:31 பெரியப்பா: நாங்கள் பலகைப் பாதையில் உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீரில் ஆமைகள். உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா, கிராஸ் ஐலண்ட் எம்ஆர்டி தடம் இந்தக் காட்டுக்கு அடியில்தான் போகப்போகிறது, சுமார் 70 மீட்டர் ஆழத்தில். காட்டைச் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் பல வருடம் கேட்டார்கள். கூடுதலாக இரண்டு பில்லியன் வெள்ளி ஆகும் என்று 2019-இல் நேர்வழியையே முடிவு செய்தார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

9:33 அர்ஜுன்: தடம் வந்தால் பயண நேரம் குறையுமே பெரியப்பா. அவ்வளவு ஆழத்தில் போகிற ரயில் குரங்கை என்ன செய்யும்?

9:34 பெரியப்பா: மண்ணைச் சோதிக்கவே காட்டுக்குள் துளை போட்டார்களே. கடைக்கு வா, பேசலாம்.

9:52 சித்தி: சத்தமே இல்லையே. படி வந்துவிட்டதா?

10:04 கவிதா: வந்துவிட்டது சித்தி. இறங்குகிறது, ஏறுகிறது, முடிந்தது என்று நினைத்தால் வளைவில் திரும்பவும் ஏறுகிறது. அத்தை மூன்றாவது தடவையாக உட்கார்ந்திருக்கிறார்.

10:06 அத்தை: மீனா, நீ சொன்னது நூற்றுக்கு நூறு. பாலத்துக்குப் போகிறோம் என்று எல்லோரும் சொன்னார்கள், இந்தப் படியைப் பற்றி நீ ஒருத்திதான் வாய் திறந்தாய். பிள்ளையார் கோயிலிலாவது ஏறினால் ஒரே ஏற்றம், இறங்கினால் ஒரே இறக்கம்.

10:07 சித்தி: தண்ணீர் குடியுங்கள் அண்ணி. அவசரமே இல்லை. இறங்கும்போது கைப்பிடி இருக்கும் பக்கமாக வாருங்கள். கவிதா முன்னால் போகட்டும்.

10:38 கவிதா: படி முடிந்தது, காவலர் நிலையத்துக்கே திரும்பிவிட்டோம். மேகம் கூடுகிறது, நிற்காமல் வந்துவிடுகிறோம்.

11:20 பெரியப்பா: கடையில் இடம் பிடித்தாயிற்று. யாருக்கு என்ன?

11:21 அர்ஜுன்: எனக்கு முட்டை புரோட்டா இரண்டு, ஐஸ் போட்ட மைலோ. அக்காவுக்கு வெங்காயம் போட்டது.

11:22 அத்தை: எனக்கு வெறும் புரோட்டா, தேத்தண்ணீர். அண்ணா, நீங்கள் நடந்த அந்தச் சமதளப் பாதைக்குச் செவ்வாய்க்கிழமை என்னைக் கூட்டிப்போங்கள். ஆமை பார்க்கவேண்டும்.

11:23 சித்தி: முதலில் வந்து உட்காருங்கள் அண்ணி. மழை பிடித்துக்கொண்டது, குடை எடுத்துக்கொண்டு நான் சிக்னல் வரை வருகிறேன்.