சிறார் படவிழாவுல பரிசை யார் முடிவு பண்றது, பசங்களா பெரியவங்களா?

ஒளிப்பெட்டி:
எங்க ஊர் ஃபிலிம் சொசைட்டில அரையாண்டு லீவுல மூணு நாள் சிறார் படவிழா போடலாம்னு பேசிட்டிருக்கோம். சிறந்த படத்த பதினோரு பன்னெண்டு வயசுப் பசங்களே உக்காந்து முடிவு பண்ணட்டும்னு சொன்னேன், கமிட்டியில பாதிப் பேர் சிரிக்கிறாங்க. இத்தாலியில ஜிஃபோனினு ஒரு சின்ன ஊர்ல 1971-லேருந்து விழா நடக்குது, அங்க ஜூரியே பசங்கதான், வயசு வாரியா பிரிச்சு வெச்சிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க?

வைகைக்கரை:
சிரிக்காம என்ன பண்ணுவாங்க ப்ரோ. பசங்க கையில ஓட்டக் குடுத்தா காமெடியும் நாய்க்குட்டியும் இருக்குற படம்தான் ஜெயிக்கும், அதுக்கு விழா எதுக்கு, டிவியிலயே ஓடுதே. நம்ம நாட்டுல சிறார் படத்துக்குன்னே 1955-ல ஆரம்பிச்ச சங்கத்த 2022-ல என்எஃப்டிசியோட, அதான் மத்திய அரசோட திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோட, இணைச்சாச்சு. நல்ல படம் எடுக்குறவனுக்கு தியேட்டரும் இல்ல, மிச்சம் இருக்குறது விழாவுல வாங்குற பேர் ஒண்ணுதான், அதையும் ஆறாங்கிளாஸ் பையன் கையில குடுக்கணுமா?

ஒளிப்பெட்டி:
2014-ல பெர்லின் விழாவுல பசங்க ஜூரி தங்களோட முதல் பரிசான கிரிஸ்டல் கரடியக் குடுத்தது நம்ம மராத்திப் படம் ‘கில்லா’வுக்கு. அப்பா இறந்த பையன், அம்மாவுக்கு டிரான்ஸ்ஃபர், கொங்கண் பக்கம் புது ஊர், மழை, அவ்வளவுதான் கதை, மெதுவாப் போற படம். அடுத்த வருஷம் இன்னும் வேடிக்கை. ‘தனக்’னு ஒரு இந்திப் படம், கண்ணு தெரியாத தம்பிய கூட்டிட்டு அக்கா ஷாருக்கானத் தேடி ராஜஸ்தான் பூரா நடக்குறா, அதுக்கு முதல் பரிசு குடுத்தது பெரியவங்க ஜூரி. பசங்க அதுக்கு சிறப்புப் பாராட்டோட நிறுத்திட்டு கரடிய ஒரு ஸ்வீடன் படத்துக்குக் குடுத்தாங்க, சாப்பிடாம உடம்பக் கெடுத்துக்குற அக்காவப் பாத்து பயப்படுற தங்கச்சி கதை. சுலபமான படத்தத் தேடுனது யாருங்க?

வைகைக்கரை:
அது பெர்லின் பசங்க. நம்ம பசங்களுக்கு அந்தப் பழக்கம் எங்க இருக்கு?

சாக்பீஸ்:
ஏன் சார் இல்ல? அரசுப் பள்ளியில 2022-லேருந்து ஆறாவதுலேருந்து ஒன்பதாவது வரைக்கும் மாசம் ஒரு படம் போடுறோம், முடிஞ்சதும் பேசச் சொல்றோம், விமர்சனம் எழுதச் சொல்றோம். எனக்கு பயம் வேற. நல்லா எழுதுனதுன்னு மேல போறது யாரோடதுனு பாருங்க, ‘இப்படத்தின் மூலம் நாம் அறிவது யாதெனில்’னு அழகான கையெழுத்துல ஆரம்பிக்கிற பிள்ளையோடது. ‘ஏன் டீச்சர், அந்த அம்மா அப்பக் கதவச் சாத்துனாங்க?’னு கேட்ட பையன் ஒரு வரி எழுத மாட்டான். உங்க ஜூரிக்கு ஆள் கேட்டா எந்த ஹெச்எம்மும் ரெண்டு நிமிஷத்துல லிஸ்ட் குடுப்பார், அத்தனையும் டாப்பர்ஸ்.

ஒளிப்பெட்டி:
பெர்லின்ல முந்தின வருஷம் படம் பாத்த பசங்க நிரப்பிக் குடுக்குற கேள்வித்தாள வெச்சு எடுக்குறாங்க டீச்சர்.

சாக்பீஸ்:
அதுவும் எழுத்துதானே தம்பி. பேச விட்டு எடுங்க. ஒரு படத்தப் போட்டுட்டு நீங்க பின்னாடி உக்காந்து கேளுங்க, யார்னு தெரிஞ்சிடும்.

கடைசிபெஞ்ச்:
ஜூரி ஜூரிங்கிறீங்க, படம் எந்த மொழியில ஓடப்போகுது? ஈரான் படத்துக்குத் தமிழ்ல சப்டைட்டில் போட்டாலும் ஆறாவது பையன் ஒரு வரி படிக்கிறதுக்குள்ள மூணு வரி ஓடிடும், வேகமா படிக்கிறவனுக்குப் புரிஞ்ச படம்தான் ஜெயிக்கும். அதே பெர்லின்ல சின்னப் பசங்க பிரிவுல ஒருத்தர் ஹால்லயே மைக் வெச்சு ஜெர்மன்ல வசனத்த வாசிக்கிறார், டப்பிங் கிடையாது, படத்தோட குரலும் கூடவே கேக்கும். ஒரு மைக், ஒரு ஆள், தமிழ்ல எழுதி வெச்ச வசனம், செலவும் பெருசா இல்ல.

வைகைக்கரை:
ஐயோ சாமி. அம்மா, பாப்பா, போலீஸ்காரன் எல்லாருக்கும் ஒரே ஆம்பளக் குரலா? படம் ரேடியோ நாடகமாயிடும்.

சாக்பீஸ்:
ஆம்பளதான் வாசிக்கணும்னு யார் சொன்னது? பிளஸ் ஒன் பொண்ணு ஒண்ண வாசிக்கச் சொல்லுங்க. ஆனா நடிக்கக் கூடாது, நம்ம ஆளுங்க மைக்கக் கண்டா பேச்சுப்போட்டி குரலுக்குப் போயிடுவாங்க, ரெண்டு தடவ படத்தோட ஓட்டிப் பாக்கணும்.

வைகைக்கரை:
சரி வாசிங்க. ஜூரி விஷயத்துல நான் இறங்கி வரல. அந்த ஊர்லயே பெரியவங்க பரிசு தனி, பசங்க பரிசு தனின்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்படி ரெண்டா வெச்சுட்டுப் போங்க.

ஒளிப்பெட்டி:
ரெண்டு வெச்சா பேப்பர்ல பெரியவங்க பரிசுதான் வரும், பசங்களோடது கடைசி வரியில ‘மேலும்’னு தொங்கும். முதல் வருஷம் ஒண்ணுதான், அது பசங்களோடது. உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா அந்தப் படத்தப் பாத்துட்டு இங்கயே எழுதுங்க.

வைகைக்கரை:
எழுதுவேன், விட மாட்டேன்.

சாக்பீஸ்:
அதெல்லாம் இருக்கட்டும், லீவுல வெச்சா எங்க பசங்க பாதிப் பேர் வர மாட்டாங்க, ஃப்ரீ பஸ் பாஸும் இல்ல மத்தியான சாப்பாடும் இல்ல. ஸ்கூல் நாள்ல வைக்க முடியுமா? இல்லேன்னா வேனுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன ஏற்பாடு?