புதுப்பிப்பு: அம்மாவின் சங்கிலிக்குக் கிடைத்த விலை

அம்மாவின் இரண்டு சவரன் சங்கிலிக்கு எங்கள் தெரு அடகுக் கடையில் சொன்ன விலை நியாயமானதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சங்கிலியை விற்றுவிட்டோம், ஆனால் அந்தக் கடையில் அல்ல.

கடைக்காரர் உரைகல்லில் ஒருமுறை தேய்த்துப் பார்த்து 20 காரட் என்று சொன்னதோடு, அழுக்கு என்று எடையிலும் குறைத்திருந்தார். உங்களில் சிலர் அறிவுறுத்தியபடி தியாகராய நகரில் ஹால்மார்க் (தங்கத்தின் தர முத்திரை) பரிசோதனை மையம் ஒன்றில் சோதித்தபோது, அது 22 காரட், அதாவது 916 தரம் என்று எழுத்துபூர்வமாகவே தந்தார்கள். 16 கிராம் சங்கிலியில் 20 காரட் என்றால் சுத்தத் தங்கம் 13.33 கிராம், 22 காரட் என்றால் 14.67 கிராம். மருத்துவச் செலவுக்காக அவசரமாக விற்க வருபவர்களிடம் இந்த வித்தியாசத்தைப் பறிப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அந்தச் சான்றுடன் சௌகார்பேட்டையில் பழைய தங்கம் வாங்கும் கடையில், அன்றைய 22 காரட் கிராம் விலையையும் கழிவு எவ்வளவு என்பதையும் முதலில் தாளில் எழுதித் தரச் சொல்லி, அதன் பிறகே சங்கிலியைக் கையில் கொடுத்தோம். வாங்கியபோது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பக் கிடைக்காது. அதை எதிர்பார்த்தே சென்றோம். பணம் அம்மாவின் வங்கிக் கணக்கிலேயே வந்தது.

எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறியீடு உள்ள புதிய நகை என்றால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதை உள்ளிட்டுத் தரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கல் வைத்த வளையல்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கற்களை எடுத்த பிறகே எடை போடச் சொல்லப் போகிறோம்.