எட்டு எஃப் வந்தால் சாதனம் கழன்றுவிட்டதாமே!

பழையகர்னல்:
பிசிஐ கார்டுகளுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுவது பற்றிய இன்னோர் இழையில் ஒருவர் அருளியிருக்கிறார்: "கார்டின் ரெஜிஸ்டரை (டிரைவர் கார்டோடு பேசும் கட்டம்) படித்தால் 32 பிட்டும் 1 ஆக வருகிறதா? கார்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம், வாங்கிய மெமரி எல்லாவற்றையும் ஃப்ரீ செய்துவிட்டுக் கிளம்புங்கள்." இதற்கு ஆமாம் சாமி போட ஒரு கூட்டம். எட்டு எஃப் (32 பிட்டும் 1 என்பதைப் பதினறும எண்ணில் எழுதினால் FFFFFFFF) என்பது கார்டு சொன்ன பதில் இல்லை, யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் மேலேயிருக்கும் ரூட் போர்ட் (கார்டைச் சிபியுவோடு இணைக்கும் வாசல்) இட்டு நிரப்பியது. டி3 என்ற மின்சேமிப்பு உறக்கத்தில் கிடக்கும் கார்டைப் படித்தாலும் அதேதான் வரும். கார்டுக்கு ஃபங்ஷன் ரீசெட் போட்டால், அதன் ரெஜிஸ்டர்கள் எங்கே இருக்கின்றன என்று குறித்துவைத்த பார் (BAR) முகவரியெல்லாம் அழிந்துவிடும், அப்போது படித்தாலும் எட்டு எஃப்தான். உயிரோடு இருக்கிற கார்டுக்குக் கருமாதி செய்யும் டிரைவர்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

ரிங்பஃபர்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ரீசெட் போடுவது என் டிரைவர், ரீசெட் நடப்பது அதற்குத் தெரியாதா? ஒரு ஃப்ளாக் வைத்தால் தீர்ந்தது. சோதனையே வேண்டாம் என்பவர்களுக்கு: கார்டு வேலையாக இருப்பதைக் காட்டும் பிஸி பிட் 0 ஆகும்வரை சுற்று என்று எழுதிவைத்திருக்கிறீர்களே, கார்டைப் பிடுங்கினால் அது என்றைக்கும் 1. சிபியு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பழையகர்னல்:
சோதனை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அந்த லூப்புக்கு டைம்அவுட் வைக்கத் தெரியாதவர் ஹாட்பிளக் (ஓடும்போதே கார்டைச் செருகுவது, பிடுங்குவது) பற்றிப் பாடம் எடுக்கிறார். ரீசெட் போடுவது உங்கள் டிரைவர் மட்டும்தானா? சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் சாதனங்களை ஃபைல்களாகக் காட்டும் இடம்) உள்ள ரீசெட் ஃபைலில் ரூட் யூசர் ஒரு 1 எழுதினாலே ரீசெட். அதைச் சொல்லத்தான் ரீசெட் பிரிப்பேர், ரீசெட் டன் என்று இரண்டு கால்பேக் (கர்னல் டிரைவரைக் கூப்பிடும் ஃபங்ஷன்). ஏஇஆர் (பிசிஐ எக்ஸ்பிரஸின் பிழை அறிவிப்பு முறை) பிழை வந்தால் எரர் டிடெக்டட், ஸ்லாட் ரீசெட் என்று வேறு பாதை. உங்கள் பேட்ச்சில் இவை எதுவுமே இல்லை, போன முறையே சொன்னேன், முறைத்துக்கொண்டு போனீர்கள்.

ஹப்வாசி:
இதற்கா இவ்வளவு சண்டை? யுஎஸ்பியில் டிஸ்கனெக்ட் கால்பேக் வரும், அவ்வளவுதான்.

பழையகர்னல்:
வரும், ஹப் கவனித்த பிறகு. அதற்கு முன் உங்கள் யூஆர்பிகள் (யுஎஸ்பி டிரைவர் அனுப்பும் கோரிக்கைகள்) ஈப்ரோட்டோ என்ற பிழையோடு விழுந்துகொண்டே இருக்கும். யூஆர்பி முடிந்ததும் வரும் கம்ப்ளீஷன் கால்பேக்கில் அதை உடனே திரும்ப சப்மிட் செய்யும் டிரைவர்கள் லாக்கை நிரப்புவதைப் பார்த்ததில்லையா தம்பி?

ஹப்வாசி:
தம்பி என்றெல்லாம் கூப்பிட வேண்டாம். உங்கள் டிரைவர் டெவ்எம் கேஇசட்அலாக்கில் (devm_kzalloc, டிரைவர் கழன்றதும் தானே ஃப்ரீ ஆகும் மெமரி) வாங்கிய ஸ்ட்ரக்டை ஓப்பன் ஃபைலுக்குக் கொடுத்து வைத்திருப்பது எங்களுக்கும் தெரியும். டிரைவரின் ரிமூவ் கால்பேக் முடிந்ததும் மெமரி போய்விடும், ஆனால் யூசரிடம் ஃபைல் இன்னும் திறந்திருக்கும். அந்த ஃபைல் வழியாக வரும் அடுத்த ஐஆக்ட்ல் அழைப்பு எதைத் தொடும்?

பழையகர்னல்:
அது வேறு விஷயம். இங்கே பேச்சு எட்டு எஃப் பற்றி.

ரிங்பஃபர்:
தன்னிடம் வந்தால் வேறு விஷயம்! சரி, எட்டு எஃப் பற்றியே பேசுவோம். வந்ததும் கான்ஃபிக் ஸ்பேஸில் (கார்டின் அடையாளமும் அமைப்புகளும் இருக்கும் தனிப் பகுதி) வெண்டர் ஐடியைப் படித்தால் போதும், கர்னலின் பிசிஐ டிவைஸ் இஸ் பிரசன்ட் ஃபங்ஷன் அதைத்தான் செய்கிறது. அங்கும் எஃப் என்றால் கார்டு போயே போச்சு.

பழையகர்னல்:
பஸ் ரீசெட்டில் கார்டுக்கும் போர்ட்டுக்கும் இடையிலான லிங்க் இறங்கியிருக்கும்போது கான்ஃபிக் மட்டும் எப்படிப் பதில் சொல்லும்? அங்கும் எஃப்தான். ரீசெட் முடிந்து கார்டு தயாராகட்டும் என்று கர்னலே 60 வினாடி வரை பொறுத்துப் பார்க்கிறது, உங்களுக்கு ஒரே ரீடில் ஞானோதயம். கழன்றது என்று அறிவிப்பது ஹாட்பிளக் டிரைவரின் வேலை, உங்களுடையது இல்லை.

ஹப்வாசி:
அந்த அறிவிப்பு வரும்வரை?

பழையகர்னல்:
வேலையை நிறுத்தி, வரிசையில் உள்ளதைப் பிழையென்று திருப்பிவிட்டு, காத்திருங்கள்.

ரிங்பஃபர்:
நானும் அதைத்தானே சொன்னேன்.

பழையகர்னல்:
"ஃப்ரீ செய்துவிட்டுக் கிளம்புங்கள்" என்று எழுதியது யார்? அந்த இழையில் உங்கள் பதிவை எடுத்துப் பாருங்கள். டி3-இல் இருக்கும் கார்டு எட்டு எஃப் தருமா தராதா, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ரிங்பஃபர்:
ரன்டைம் பிஎம் கெட் போட்டுக் கார்டை எழுப்பாமல் ரெஜிஸ்டரைப் படிப்பது உங்கள் டிரைவராகத்தான் இருக்கும்.

பழையகர்னல்:
தருமா, தராதா?