பட்டியில் கன்றை அடித்தது புலியா நாயா, எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

வெருகலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை மாவட்டத்தில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு ஒரு மாட்டுப்பட்டி இருக்கிறது, எழுபது மாடு வரும். பெரும்போகம் விதைத்துவிட்டால் வயல் பக்கம் மாடு நிற்க இடமில்லை, அதனால் வழமைபோல ஐப்பசிக் கடைசியில் பட்டியைக் காட்டோரம் கொண்டுபோய் அடைத்தார். பத்து நாளைக்குள் இரண்டு கன்று போய்விட்டது.

முதல் கன்று பட்டிக்கு ஐம்பது யார் தள்ளிக் கிடந்தது. பின்பக்கம் கிழிந்து, வால் பாதி இல்லாமல், காதெல்லாம் கடிபட்டு, பார்க்கவே முடியவில்லை. இரண்டாவது நேற்று விடிய. நாலு மாதக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, என் மகள்தான் அதற்குப் பெயர் வைத்தாள். அதை வேலியடியிலிருந்து பற்றைக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, ஈர மண்ணில் இழுத்த கோடு அப்படியே தெரிகிறது. கழுத்தில் நாலு ஓட்டை, வேறு பெரிய காயம் இல்லை, தொடையில் மட்டும் கொஞ்சம் தின்றிருக்கிறது.

அப்பா புலி என்கிறார். ஒருவர் வரிப்புலி என்றே சொல்கிறார், ரோச் அடித்தபோது கண் மின்னியதாம். பக்கத்துப் பட்டிக்காரர், மிச்ச இறைச்சியில் மருந்து ஊற்றி வைத்தால் திரும்பி வரும்போது தின்று சாகும் என்று சொல்லிப் போத்தலோடு வந்து நிற்கிறார். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு படபடக்கிறது. எது அடித்தது என்று தெரியாமல் எப்படி மருந்து வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தம்பலகாமம் பட்டிக்காரன்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டு கன்றையும் அடித்தது ஒன்றில்லை. முதலாவது நாய் வேலை. இருபத்தைந்து வருடமாக எருமை வைத்திருக்கிறேன், கட்டாக்காலி நாய்க்கூட்டம் அடித்த கன்றை எத்தனையோ தரம் தூக்கிப் போட்டிருக்கிறேன். நாய் துரத்திப் பின்னால்தான் கடிக்கும், வால், தொடை, காது, கண்ட இடமெல்லாம் கிழிந்திருக்கும், கன்று நெடுநேரம் துடித்துத்தான் சாகும். புலி அப்படிச் செய்யாது, தொண்டையைப் பிடித்தால் விடாது, அதோடு சரி.

ஈன்றவுடன் கிடக்கும் கன்றாக இருந்தால் நரியையும் யோசிக்க வேண்டும், அது தொப்புள் பக்கமும் பின்பக்கமும்தான் தொடங்கும். குளத்தோரம் கன்று சத்தமில்லாமல் காணாமல் போனால் முதலை. எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் புலி என்று சொல்லிவிடுகிறார்கள், நாயைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அந்த நாய் பாதி ஊருக்குள் சோறு தின்னும் நாய்.

காட்டுத்தடம்:

அக்கா, நான் வனசீவராசிகள் சம்பந்தமாகப் படிக்கிறேன், ஊர் கன்னியா. முதலில் ஒன்று, இலங்கையில் வரிப்புலி இல்லை, சிங்கமும் இல்லை. நாங்கள் ஊரில் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான், இங்கே இருக்கிற ஒரே பெரிய பூனை இனம் அது. கண் மின்னியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மரைக்கும் மின்னும், நரிக்கும் மின்னும், உங்கள் மாட்டுக்கே மின்னும்.

தடத்தைப் பாருங்கள். மழை வருவதற்குள் இழுத்த கோட்டின் இரண்டு பக்கமும் தேடி, கிடைத்தால் மேலே ஒரு பேசினைக் கவிழ்த்து வையுங்கள். சிறுத்தையின் தடத்தில் நாலு விரல், நகம் பதியாது, அது நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளங்கால் மெத்தையின் பின் விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். நாயின் தடத்தில் நகம் குத்தியிருக்கும், தடமும் கொஞ்சம் நீளமாக இருக்கும். பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டியை வைத்துப் போட்டோ எடுங்கள். வளர்ந்த சிறுத்தையின் தடம் நெருப்புப்பெட்டியின் நீளத்தைவிட நன்றாக அகலமாக இருக்கும். சின்னதாக வட்டமாக இருந்தால் மீன்பிடிப் பூனையாக இருக்கலாம், ஆற்றுப் பக்கம் அது நிறைய உண்டு, உடம்பில் புள்ளி இருப்பதால் சனம் புலிக்குட்டி என்று நினைத்து அடித்துவிடுகிறது. அது நாலு மாதக் கன்றை இழுக்காது, கோழி பிடிக்கும்.

இன்னொரு விஷயம் மிருக வைத்தியருக்குத் தெரியும். கழுத்துத் தோலை உரித்துப் பார்த்தால், ஓட்டைக்குக் கீழே இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடித்தது. இல்லாவிட்டால் கன்று வேறு நோயில் செத்து, பிறகு ஏதோ வந்து தின்றிருக்கிறது.

1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் அதுதான். கிராம சேவகரிடமும் எழுத்தில் கொடுங்கள். மருந்து மட்டும் வைக்க விடாதீர்கள். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் சிறுத்தையைக் கொல்வது குற்றம், மறியலுக்குப் போவது உங்கள் அப்பாவாகத்தான் இருக்கும். முழு நாட்டிலும் வளர்ந்த சிறுத்தை எண்ணூறுக்குக் குறைவு என்றுதான் 2020 ஆம் ஆண்டுக் கணிப்பு சொல்கிறது.

மூதூர் நானா:

தம்பி சட்டம் சொல்லிவிட்டார், நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன் தங்கச்சி. எங்கள் பக்கம் ஒருத்தர் இப்படித்தான் செத்த மாட்டில் மருந்து ஊற்றினார். புலி வரவில்லை. விடியப் பார்த்தால் அவருடைய சொந்தக் காவல் நாய் இரண்டும் வாயில் நுரையோடு கிடந்தன, உடும்பு ஒன்று, பருந்து ஒன்று, பக்கத்தில் ஒரு நரி. அந்த நாய்கள்தான் இரவில் குரைத்துப் பட்டியைக் காத்தவை. இது மாரி காலம், நீங்கள் ஊற்றுகிற மருந்து மழையோடு வாய்க்காலுக்குத்தான் போகும், அதே வாய்க்காலில்தான் மாடும் குடிக்கும், பிள்ளைகளும் குளிக்கும். அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

தோப்பூரான்:

எல்லோரும் புலியைப் பற்றிக் கதைக்கிறீர்கள், மாட்டுக்காரனின் நட்டத்தை யார் கேட்பது? எனக்குப் போன வருடம் மூன்று கன்று போனது. ஓர் அலுவலகத்துக்கு நாலு தரம் நடந்தேன், படிவம் தந்தார்கள், அதற்குப் பிறகு ஒரு பதிலும் இல்லை. முன்பு மேய்ச்சல் தரை என்று இருந்த இடமெல்லாம் இப்போது வயலும் வளவும், மாடு காட்டுக்குள் போகாமல் எங்கே போகும்? காட்டுக்குள் பன்றிக்கும் மானுக்கும் கண்ணி கட்டிப் பிடித்து முடிக்கிறார்கள், அப்புறம் புலிக்குப் பசிக்காதா? மருந்து வைப்பவன் மேல் எனக்கும் கோபம்தான், ஆனால் அவன் ஏன் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறான் என்பதையும் யாராவது எழுத வேண்டும்.

தம்பலகாமம் பட்டிக்காரன்:

தோப்பூரான் தம்பி சொல்வது நூறு வீதம் உண்மை. மேய்ச்சல் தரை கேட்டு நாங்களும் எத்தனை மனு கொடுத்துவிட்டோம். கமநல காப்புறுதியில் மாட்டையும் சேர்க்கலாம், காதில் இலக்கத் தோடு இருக்க வேண்டும், எங்களில் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

தங்கச்சி, இன்றிரவே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கன்றுகளைப் பெரிய மாட்டோடு விடாமல் நடுவில் தனி அடைப்புப் போடுங்கள். வெறும் முள்ளுக்கம்பி போதாது, அதற்குள்ளால் புலி தண்ணீர் மாதிரி நுழையும், அலம்பலை, அதுதான் வெட்டிய முள்ளுக் கிளைகளை, நெருக்கமாக ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள். பட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து யாருக்குப் பற்றையை வெட்டிவிடுங்கள், அது மறைந்து வருகிற மிருகம், வெளியில் நடக்க விரும்பாது. ஈனப்போகிற மாட்டை ஊருக்குக் கொண்டுவாருங்கள்.

காட்டுத்தடம்:

ஒன்றை மறந்துவிட்டேன். சிறுத்தை பெரும்பாலும் அடித்த இடத்துக்குத் திரும்பி வரும், அதனால் யாரும் தனியாக அந்தப் பற்றைக்குள் போகக்கூடாது. கண்டால் ஊரைக் கூட்டிச் சுற்றி வளைக்கவும் வேண்டாம். 2018 ஆனியில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்தது நினைவிருக்கும், ஊருக்குள் வந்த சிறுத்தையைச் சனம் சூழ்ந்தது, பத்துப் பேர் காயப்பட்டார்கள், கடைசியில் அதை அடித்துக் கொன்று படமும் எடுத்துப் போட்டார்கள், பிறகு கைதும் நீதிமன்றமும். வழி விட்டிருந்தால் அது போயிருக்கும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

வெருகலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி, நடந்ததை எழுதுகிறேன். விடிய ஆறு மணிக்கு அப்பாவும் தம்பியும் நானும் போனோம். இழுத்த கோட்டுக்கு இடப்பக்கம் சேற்றில் ஒரு தடம் முழுதாகக் கிடைத்தது. நாலு விரல், நகம் இல்லை, பின்னால் மூன்று மடிப்பும் தெளிவாக இருந்தது. நெருப்புப்பெட்டியை உள்ளே வைத்தேன், இரண்டு பக்கமும் இடம் மிச்சம். அப்பா குந்தியிருந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு தன் கையை விரித்து மேலே பிடித்துப் பார்த்தார். சிறுத்தைதான். முதல் கன்று கிடந்த இடத்தில் மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது, ஆனால் பட்டிக்குப் பின்னால் நகம் பதிந்த நாய்த் தடம் ஏழெட்டு இருந்தது.

1992க்கு அழைத்துச் சொன்னோம், நாளை ஆள் வருவதாகச் சொன்னார்கள், பேசினைத் தடத்தின் மேல் கவிழ்த்துக் கல்லும் வைத்திருக்கிறோம். மூதூர் நானாவின் நாய்க் கதையை வாசித்துக் காட்டினேன், பக்கத்துப் பட்டிக்காரருக்கும் இரண்டு நாய் இருக்கிறது, அவர் ஒன்றும் பேசாமல் போத்தலைச் சாரத்து மடிக்குள் வைத்துக்கொண்டு போனார், பின்னேரம் கத்தியோடு திரும்பி வந்து எங்களோடு நின்று அலம்பல் வெட்டினார். பதினாலு கன்றும் இப்போது உள்ளே. அடைப்பின் வடக்குப் பக்கம் இன்னும் பாதி கட்டவில்லை, அந்த இடத்தில்தான் அப்பா இன்றிரவு லாம்பை வைத்துக்கொண்டு இருக்கப்போகிறார், தம்பியும் கூட. நாளை அவர்கள் வந்து பார்த்ததும் எழுதுகிறேன்.