வடசென்னையில் பறை வகுப்பு வைத்தால் வெட்டுக்குத்து குறையுமா?

வார்டு வாசகன்
வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் 14 முதல் 21 வயதுப் பையன்களுக்குப் பறையாட்டமும் ஹிப்ஹாப்பும் கற்றுத்தர ஒரு திட்ட வரைவு பேச்சில் இருக்கிறது. வாரம் மூன்று நாள், சமூகநலக் கூடத்தில். நிதி கேட்கும் கடிதத்தில் "இளைஞர் வன்முறையைத் தடுக்கும்" என்று ஒரு வரி. அந்த வரி நிற்குமா? கலைக்காரர்களும் சமூகப்பணி தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

சிண்டுக்குச்சி
தாராளமாக நிற்கும். கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் தெரியும். மழைக்காலத்தில் மாட்டுத்தோல் ஈரம் குடித்துத் தொங்கிப்போகும், அடித்தால் சத்தம் எழாது. வைக்கோலையோ அட்டையையோ கொளுத்தி, தோலை நெருப்புக்குக் காட்டி, சுற்றிச் சுற்றித் திருப்பி, நடுநடுவே விரலால் தட்டிக் கேட்க வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கருகிக் கிழியும். பாதியில் எடுத்தால் நாலு அடவு ஆடுவதற்குள் மறுபடி தொங்கும். அவசரக்காரனிடம் இந்த வேலையைக் கொடுங்கள், ஒரு மாதத்தில் அவன் கை நிதானமாகும். அப்புறம் வரிசை. இடது கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, வலது கையில் தடித்த அடிக்குச்சி, கால் வேறு கணக்கில் போகும். ஒருவன் கால் மாறினால் மொத்த வரிசையும் முட்டிக்கொள்ளும். பக்கத்து ஆளைக் கவனிக்காமல் ஆடவே முடியாது.

நேரத்தைச் சரியாக வையுங்கள். காலையில் வகுப்பு வைத்துப் பயனில்லை. வேலையோ படிப்போ முடிந்து பையன்கள் தெருமுனையில் கூடும் நேரம் மாலை 5.30 முதல் 8.30 வரை. ஞாயிறு கட்டாயம் வேண்டும். ஒரு வாத்தியாருக்கு 15 பேருக்கு மேல் கூடாது. ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் இன்னொரு பெரியவர் இருந்தாக வேண்டும். யார் வந்தான், யாரைத் தேடி யார் வந்தான், எவன் கோபத்தோடு வெளியே போனான் என்று பார்ப்பது அவர் வேலை. வந்தவுடன் சுண்டல், டீ. மதியம் சாப்பிடாத பையன் 6 மணிக்கு எரிந்து விழுவான், அதை ஒழுக்கப் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது.

தமிழரசி
நீங்கள் சொல்லும் வகுப்பு நல்ல வகுப்பு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த ஒரு வரிக்குத்தான் மறுப்பு. வெனிசுவேலாவின் எல் சிஸ்டமா 1975-இல் தொடங்கியது, ஏழைப் பிள்ளைகளுக்கான இசைப்பள்ளி என்று உலகமே கொண்டாடியது. 16 மையங்களில், 6 முதல் 14 வயது வரை 2,914 பிள்ளைகளை வைத்துக் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. சுயக்கட்டுப்பாடு கொஞ்சம் கூடியது. ஏற்கெனவே வன்முறையைப் பார்த்து வளர்ந்த பையன்களிடம் அடிதடிக் குணமும் குறைந்தது. ஆனால் அங்கே சேர்ந்தவர்களில் வறுமையில் இருந்தவர்கள் 16.7 சதவீதம்தான். அந்த மையங்கள் இருந்த மாநிலங்களிலோ வறுமை 46.5 சதவீதம். யாருக்காகத் திறந்தார்களோ அவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை.

இன்னொன்று, அச்சமூட்டும் விஷயம். அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் என்று 1939-இல் ஒரு திட்டம் தொடங்கியது. கெட்டுப்போகும் வாய்ப்புள்ள பையன்களுக்கு ஆலோசகர், பாடம், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். ஒரு முறைக்கு மேல் முகாமுக்குப் போனவர்களிடம் கெடுதல் அதிகம். ஒரே மாதிரிப் பையன்களை ஓரிடத்தில் சேர்த்தால் ஒருவனிடமிருந்து ஒருவன் கற்றுக்கொள்வான். பறையும் கற்பான், மற்றதும் கற்பான்.

காசு இருந்தால் வேலை கொடுங்கள். சிகாகோவில் 2012 கோடையில் 1,634 பேரை வைத்துச் சோதித்தார்கள். 8 வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலி. அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் 43 சதவீதம் குறைந்தன. நடனத்துக்கு இப்படி ஒரு கணக்கைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சிண்டுக்குச்சி
மேடம், முகாம் கணக்கு எனக்கும் தெரியும். அதனால்தான் "பிரச்சினைப் பசங்க வகுப்பு" என்று தனியாக நடத்தவே கூடாது என்கிறோம். 15 பேரில் ஸ்டேஷன் பார்த்தவன் மூன்று பேர் இருக்கலாம், நாலாவது ஆள் வந்தால் அடுத்த நாள் வகுப்புக்கு. அந்த மூவரும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது, வரிசையில் அடுத்தடுத்தும் நிற்கக் கூடாது. எல் சிஸ்டமாவுக்கு ஏழை வரவில்லை என்றால் வாத்தியார் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தம். இங்கே முதல் இரண்டு வாரம் வகுப்பைத் தெருவில்தான் நடத்த வேண்டும். பறைச் சத்தம் கேட்டால் கூட்டம் தானாகச் சேரும், வயலினுக்கு அந்த வசதி இல்லை.

கணக்கு கேட்டீர்கள். கைது எண்ணிக்கை என்னிடம் இல்லை, வரலாறு இருக்கிறது. நியூயார்க் பிராங்க்ஸில் கும்பல் கும்பலாக வெட்டிக்கொண்டிருந்த பையன்கள் பிற்பாடு ஆட்டத்தில் மோதிக்கொண்டார்கள். ஹிப்ஹாப் வட்டத்தில் ஒருவன் ஆடி முடித்து விலகுவான், அடுத்தவன் நுழைவான். பழிக்குப் பழி அதே வட்டத்துக்குள் முடியும்.

தமிழரசி
தேதிகளை வரிசையாக வையுங்கள் சார். 1971 டிசம்பர் 2, சமாதானம் பேசப் போன, பிராங்க்ஸின் கெட்டோ பிரதர்ஸ் குழுவைச் சேர்ந்த பிளாக் பென்ஜி கொல்லப்பட்டார். பழிவாங்கும் உரிமை இருந்த அந்தக் குழு பழிவாங்கவில்லை. டிசம்பர் 8, ஹோ அவென்யூ சிறுவர் மன்றத்தில் பல கும்பல்களின் தலைவர்கள் கூடிச் சமாதானம் செய்தார்கள். ஹிப்ஹாப் பிறந்ததாகச் சொல்லப்படும் டி.ஜே. கூல் ஹெர்க்கின் விருந்து 1973 ஆகஸ்ட் 11, கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து. முதலில் பேச்சு, அப்புறம்தான் ஆட்டம். ஒரு தெருக்காரன் இன்னொரு தெருவைத் தாண்டி நடக்க முடிந்த பிறகுதான் வட்டமே கூட முடிந்தது. உங்கள் திட்டத்தில் அந்தப் பேச்சு எங்கே?

கானா காதலன்
ரெண்டு பேரும் நம்ம ஊர் விஷயத்தை விட்டுட்டீங்க. கானாவும் கலைதானே? காலேஜ் பசங்க பஸ்ல கூட்டமா ஏறிக் கொண்டாடுற பஸ் டேயில ஓடினது அதே கானாதான். தங்க பஸ் ரூட்டுப் பேரைச் சொல்லி, எதிர் காலேஜைச் சீண்டி, பஸ் ஜன்னல்ல தாளம் போட்டுப் பாடுவாங்க. 2011-ல ஐகோர்ட் தடை போட்ட பிறகும் 2019 ஜூன்ல பஸ் கூரையிலிருந்து பசங்க சரிஞ்சு விழுந்தாங்க. பாட்டு சண்டையை நிறுத்தவும் செய்யும், மூட்டவும் செய்யும். யாரைப் பத்திப் பாடுறாங்கன்றதுல இருக்கு. அதனால வகுப்புல எழுதுற பாட்டுல தெரு பேரு, ரூட்டு பேரு, கும்பல் தலை பேரு வரக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடணும்.

போட்டியும் வேணாம். ஏரியாவுக்கு ஏரியா டான்ஸ் போட்டி வெச்சு, ஒரு ஏரியா ஆளையே நடுவரா உட்கார வெச்சா ரிசல்ட் சொல்ற நிமிஷத்துல நாற்காலி பறக்கும். வெச்சே தீரணும்னா ஒவ்வொரு குழுவுலயும் எல்லாத் தெருப் பசங்களும் கலந்து இருக்கணும்.

பெரிய ஓட்டை வேற. பறை கத்துக்கிட்ட பையனை முதல்ல கூப்பிடுறது சாவு வீடு. காசோட குவார்ட்டரும் கொடுப்பாங்க. 16 வயசுப் பையன் ராத்திரி 11 மணிக்குக் குடிச்சிட்டு வேற ஏரியால நிப்பான். அந்த ராத்திரிக்குத் திட்டத்துல என்ன இருக்கு?

சிண்டுக்குச்சி
நியாயமான கேள்வி தம்பி. 18-க்குக் கீழ் இருந்தால் வெளி நிகழ்ச்சிக்குத் தனியாக அனுப்பக் கூடாது. எந்த அழைப்பும் வாத்தியார் மூலமாகத்தான். கூலி பையன் கையில் காசாக, சரக்கு கொடுக்கும் வீட்டுக்குப் போவதில்லை, வண்டி ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாக்களில் அழைப்பு குவியும், அங்கேதான் இந்த விதி உடையும். அந்த ஒரு மாதம் இன்னொரு வாத்தியாரைக் கூலிக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழரசி மேடம் கேட்ட பேச்சுக்கு வழி இருக்கிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன் இரு பக்கத்துப் பெரியவர்களையும் அம்மாக்களையும் உட்கார வைத்து, கூடத்துக்கு வரும் பாதையில் யாரும் யாரையும் தொடுவதில்லை என்று வாக்கு வாங்க வேண்டும். வரைவில் அது இல்லை, சேர்க்கத்தான் வேண்டும். உங்கள் வாதத்தில் இது சரி.

மல்லிகா_கே
பெண் பிள்ளைகள் எங்கே? 5.30 முதல் 8.30 வரை கூடத்தைப் பையன்களுக்குக் கொடுத்தால் அங்கே ஏற்கெனவே டியூஷன் படிக்கும் பெண்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். 4 முதல் 5.30 வரை பெண்கள் வகுப்பு, பெண் வாத்தியார், பூட்டு போடும் கழிப்பறை. இதை வரைவில் எழுதிவிட்டுப் பிறகு பறை வாங்குங்கள்.

தமிழரசி
மல்லிகா சொன்னதற்கு முழு ஆதரவு. அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 16 வயது வரைதான் சேர்க்கிறார்கள். கத்தி கைக்கு வரும் வயதில் கதவு மூடிவிடுகிறது. 14 முதல் 21 என்று நீங்கள் போட்டது சரி, அந்த வயதுக்கு வேறு யாரும் இல்லை.

ஆனாலும் "வன்முறையைத் தடுக்கும்" என்பதை எடுத்துவிடுங்கள். காரணம் ஆய்வு மட்டும் இல்லை. அந்த வரி பேனரில் ஏறும், பேனருக்குக் கீழே பையன்கள் நிற்பார்கள், படம் இன்ஸ்டாவுக்குப் போகும். வழக்கில் இருக்கும் சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-வது பிரிவு தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், நாளைக்கு வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்தப் படத்தை ஒருவர் பார்த்தால் போதும். வாரம் ஒன்பது மணி நேரம், 15 பேர், இரண்டு பெரியவர்கள் என்று நடப்பதை அப்படியே எழுதுங்கள். மேடை நிகழ்ச்சிகளை எண்ணிக் காட்ட வேண்டாம். 12-வது வாரம் எத்தனை பேர் மிச்சம், நின்றுபோனவன் வீட்டுக்கு எத்தனை நாளில் ஆள் போனார்கள் என்று எண்ணுங்கள்.

சிண்டுக்குச்சி
இரண்டாவது நாளே போக வேண்டும். ஒரு நாள் வராதவனுக்குக் காய்ச்சல் இருக்கலாம். இரண்டு நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் பெரும்பாலும் ஊரைவிட்டு அனுப்பியிருப்பார்கள், இல்லையென்றால் ஒளிந்திருப்பான். பேனர் விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன், வரியை எடுத்துவிடலாம். ஆனால் வேலையா ஆட்டமா என்று மோதவிடாதீர்கள். 25 மணி நேர வேலை கிடைத்தவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருக்கிறது.

வார்டு வாசகன்
வரி எடுத்தாயிற்று. 4 மணி பெண்கள் வகுப்பும் வாசல் ஆளுக்கான சம்பளமும் சேர்கின்றன. மொத்தத் தொகை கூடாமல் இருக்க 15 பறைக்குப் பதில் 8, மற்றவர்கள் மரப்பலகையில் அடித்துப் பழகட்டும். இது சரிப்படுமா?

சிண்டுக்குச்சி
முதல் மாதம் பலகையே போதும், காதும் பிழைக்கும். அந்த எட்டில் இரண்டு ஃபைபர் தோலாக இருக்கட்டும், மழையில் நெருப்பு மூட்ட முடியாத நாளுக்கு.