திருகோணமலையில் புட்டு, சொதி, மீன்கறி: வீட்டிலும் கடையிலும் பட்ட அனுபவங்கள்

உப்புவெளி வாசகி:
பெயர் வேண்டாம், பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட உள்ள ஒரு கடை. சிவப்புப் புட்டு, தேங்காய்ச் சம்பல், கிழங்குச் சொதி. பாக்க வடிவாத்தான் இருந்தது. சொதியை விட்டா அது புட்டுக்குள்ள இறங்கேல்ல, கரையால ஓடிப்போச்சு. ஒரு கட்டியை விரலால அமத்தினா உதிரேல்ல, நசிஞ்சு திரும்பவும் எழும்பினது. அரிசி மாப் புட்டு அப்பிடி எழும்பாது. வீட்டில அவிச்சது ஆறிக் காய்ஞ்சாலும் உதிரத்தான் செய்யும். ஆருக்கும் இதே மாதிரி அம்பிட்டதோ? என்ன மா அது?

நீத்துப்பெட்டி:
பச்சைக் கோதுமை மா, சந்தேகமே இல்ல. இன்னொரு கடையில இரவுப் புட்டும் இப்பிடித்தான் வந்தது, துண்டு துண்டாப் பிய்ச்சுத்தான் சாப்பிடவேணும். அரிசி மாவோட பாதிக்குப் பாதி கோதுமை மா கலக்கிறது பிழையில்ல, எத்தனையோ வீட்டிலயும் அதுதான் நடக்குது. ஆனா கோதுமை மாவை முதல் அவிக்கவேணும். துணியில தளர்வாப் பொட்டளி கட்டி, முக்கால் மணித்தியாலம் அளவில ஆவியில வைச்சு, சூட்டோடயே கட்டி உடைச்சு அரிதட்டில அரிச்செடுக்கிறது. ஆறவிட்டா கட்டி கல்லாகும், பிறகு உடைக்க ஏலாது. அவிச்ச மாவில இழுவை செத்துப்போகும். அவிக்காத மா தண்ணி பட்டுக் குழைஞ்ச உடன இழுவை பிடிக்கும். ரொட்டிக்கு அது வேணும், புட்டுக்கு அதுதான் எதிரி.

அளவு: 2 சுண்டு (மா அளக்கிற சின்னத் தகரப்பேணி) மாவுக்குக் கிட்டத்தட்ட 1 சுண்டு கொதிதண்ணி, உப்பு தண்ணியில கரைச்சது. ஒரேயடியா விடாம, விட்டு விட்டு அகப்பைக் காம்பால கிளறவேணும். கையால பிடிச்சா பிடிபடவேணும், தட்டினா உதிரவேணும். அதுக்குப் பிறகு சுண்டு வாயால கொத்திக் கொத்திக் குறுணியாக்கிறது. தேங்காய்ப்பூ கடைசியில.

கோட்டையடி:
மாவைப் பற்றிச் சொன்னது சரி. "கொதிதண்ணி" எண்டு பொதுவாச் சொல்லிட்டுப் போனது சரியில்ல அக்கா, அதிலதான் கனபேர் பிழைக்கினம். வறுத்த தனி அரிசி மாவுக்குத்தான் கொதிதண்ணி. அவிச்ச கோதுமை மா பாதி கலந்திருந்தா தண்ணி கொதிச்சு இறங்கி, விரல் வைக்கக்கூடிய சூட்டுக்கு வரவேணும். இல்லாட்டி களிதான். அரிசி மாவை எவ்வளவு வறுத்தது எண்டதையும் பாருங்கோ. நல்லா வறுபட்ட மா கூடத் தண்ணி கேக்கும், வறுபடாத மா குறையக் கேக்கும். அதால சுண்டுக் கணக்கை வேதமா எடுக்கக்கூடாது.

சொதி இறங்காததுக்கு மா மட்டும் காரணமில்ல. குழலுக்க அமத்தி அடைச்சா ஆவி போற வழி மூடிப்போகும், நடுவில வேகாது, சொதியும் நுழையாது. நீத்துப்பெட்டியில, அதாவது புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டியில, அள்ளித் தூவி விடவேணும், தட்டக்கூடாது. மேலால ஆவி வரத் தொடங்கினதுக்குப் பிறகுதான் நிமிசத்தை எண்ணுறது, 7, 8 நிமிசம் காணும்.

சொதியைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல, எண்டாலும் சொல்லத்தான் வேணும். நிலாவெளிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில வாளியைத் தூக்கி ஊத்தேக்க முதல் மஞ்சள் தண்ணி மட்டும் வந்தது. பிறகுதான் வெள்ளைத் திரள் திரளாச் சோத்தில விழுந்தது. பால் திரிஞ்சது. கடையில இது நடக்க ரெண்டு காரணம். ஒண்டு, அடுப்பில இருக்கேக்கயே தேசிக்காய் பிழியிறது. மற்றது, காலமைச் சொதியை மத்தியானம் திரும்பக் கொதிக்க வைக்கிறது. எங்கட வெயிலுக்குத் தேங்காய்ப்பால் சில மணித்தியாலத்திலயே புளிக்கத் தொடங்கும். புளிப்பும் சூடும் சேர்ந்தா திரியாம என்ன செய்யும்?

ஒரு தேங்காய்க்கு முதற்பால் ஒரு கோப்பை தனியா. இரண்டாம், மூண்டாம் பால் சேர்த்து 3 கோப்பை. அந்தத் தண்ணிப்பாலில வெங்காயம், பிளந்த பச்சைமிளகாய், அரைக் கரண்டி வெந்தயம், கொஞ்சம் மஞ்சள், கறிவேப்பிலை, கிழங்கோ மீன்தலையோ போட்டு வேகவிடவேணும். தக்காளி போடுறதெண்டா அதுவும் இந்தக் கட்டத்திலதான். கிழங்கு வெந்த பிறகு நெருப்பைக் குறைச்சு முதற்பாலை விட்டு, அகப்பையால அள்ளி அள்ளி ஊத்திக்கொண்டே நிக்கவேணும். கரையில நுரை கட்டின உடன இறக்கிறது, கொதிக்க விடக்கூடாது. உப்பு அதோட. தேசிக்காய் இறக்கி, சூடு கொஞ்சம் தணிஞ்ச பிறகு. பக்கற் தேங்காய்ப்பால் மாவில வைச்சா இவ்வளவு லேசாத் திரியாது, திரியாமல் இருக்கிறதுக்கு அதில சாமான் சேர்த்திருக்கு. ஆனா திருவின தேங்காயின்ர மணம் அதில வராது.

மூதூர்க் கரை:
கடையொண்டில புட்டோட வந்த சூரைக் கறியைப் பற்றியும் சொல்லவேணும், மீன்கறியைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்ல. கறி நல்ல ருசி, ஆனா நாக்கில மிளகு கடிச்ச மாதிரிச் சுள்ளெண்டு ஒரு எரிவு. கொஞ்ச நேரத்தில அந்த மேசையில இருந்த எல்லாருக்கும் முகம் சிவந்து, காது சுட்டு, கழுத்தில தடிப்பும் கடியும். "மீன் ஒத்துவரேல்ல" எண்டு சொன்னவை. ஒரே நேரத்தில ஒரு மேசைக்கே ஒத்துவராமப் போகாது. அது வெயிலில கிடந்த சூரை.

கறிச்சட்டி:
புளி குறைஞ்ச பிழை. கொறக்காப்புளி நல்லாப் போட்டு வத்த வைச்சா சூரை ஒண்டும் செய்யாது. முந்தி ஐஸ் எங்க இருந்தது? அந்தக் காலத்துச் சனம் சாப்பிடேல்லயோ?

மூதூர்க் கரை:
அண்ணை, முந்தி காலமை வலை கரைக்கு வந்தா அண்டைக்கே சட்டிக்குப் போனது. மிஞ்சினது கருவாடு. இப்ப மீன் கரையில இருந்து சந்தைக்கு, சந்தையில இருந்து கடைக்கு, கடையில குளிர்ப்பெட்டி நிரம்பியிருந்தா வாளிக்குள்ள. அங்கதான் வில்லங்கம். சூரையின்ர சிவப்புச் சதையில ஹிஸ்டிடின் எண்ட பொருள் கூட இருக்கு. மீன் ஐஸ் இல்லாமக் கிடந்து சூடேறினா கிருமி அதை ஹிஸ்டமின் ஆக்கும். கடியும் தடிப்பும் அதாலதான் வருது. உண்டான ஹிஸ்டமின் பொரிச்சாலும் போகாது, அவிச்சாலும் போகாது, புளியில வத்த வைச்சாலும் போகாது. கொறக்காப்புளி நல்ல மீனில வைச்ச கறியைப் பழுதாகாமக் கொஞ்சம் கூட நேரம் வைச்சிருக்கும், அதுதான் அதின்ர வேலை. கெட்ட மீனை நல்லதாக்காது.

மணத்தை நம்பாதேங்கோ, மணம் மாற முதலே ஹிஸ்டமின் ஏறியிருக்கலாம். கும்பிளா, சாளைக்கும் இதே கதை. விளைமீன், கொடுவாயில இந்தக் கரைச்சல் குறைவு. வாங்கின உடன பூவும் (செவுள்) குடலும் எடுத்துப்போடவேணும். மீன் எவ்வளவு பாரமோ அவ்வளவு ஐஸ், மேல மட்டும் இல்ல, கீழயும் நடுவிலயும். வீட்டில 4 பாகைக்குக் கீழ. வெட்டின துண்டை மசாலா பிரட்டி மேசையில மணிக்கணக்கா ஊறவிடுற பழக்கத்தை விடுங்கோ, குளிர்ப்பெட்டிக்குள்ளயும் அது ஊறும். நாக்கில அந்த எரிவு தெரிஞ்சா அந்தக் கவளத்தோட நிப்பாட்டவேணும். மூச்சு இழுத்தா, தலை சுத்தினா உடன ஆசுபத்திரி.

இன்னர் ஹாபர் றோட்:
மட்டிக் கறியையும் சேருங்கோ. கடையொண்டில முதல் வாயிலயே மண் நெறுநெறுத்தது. குடிக்கிற தண்ணியில ஊறப்போட்டா மட்டி வாயை மூடிக்கொண்டு கிடக்கும், மண்ணைக் கக்காது. கடல்தண்ணி உவர்ப்புக்கு உப்புக் கரைச்சு, லீற்றருக்கு 30, 35 கிராம், ரெண்டு மூண்டு மணித்தியாலம் வைக்கவேணும். இடையில தண்ணி மாத்திறது. அவிச்ச தண்ணியை வடிச்சு, அடி மண்டியை விட்டுத்தான் கறிக்கு எடுக்கிறது. அவிச்சும் திறக்காததை எறியவேணும்.

தம்பலகாமத்தார்:
புட்டோட தயிரும் வாழைப்பழமும் சாப்பிடுறவைக்கு ஒரு சொல். கடையொண்டில சட்டித் தயிர் கேட்டா பாதி தண்ணியாக் கோப்பையில வந்தது. அதைப் பாத்து எங்கட பக்கத்துத் தயிரைப் பழிச்சவை. எருமைப்பாலில கொழுப்பு 7 வீதம் அளவில, பசுப்பாலில 4க்குள்ள. பசுப்பாலும் தண்ணியும் கலந்தா எவ்வளவு உறைபோட்டாலும் இறுகாது. பாலைப் பொங்கக் காய்ச்சி, சின்ன விரல் வைச்சா பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உறைமோர் கலந்து, சட்டியில ஊத்தி 6, 7 மணித்தியாலம் அசைக்காம வைக்கிறது. சூடு கூடினா உறைமோர் செத்துப்போகும், குறைஞ்சா புளிக்க முதல் நாறும். மண்சட்டி மிஞ்சின தண்ணியைக் குடிக்கும், அதாலதான் பிளாஸ்ரிக்கில அந்த இறுக்கம் வராது.

நல்ல சட்டியும் பஸ்ஸில கவிட்டுக் குலுக்கினா தண்ணி விடும், அது பாலின்ர பிழையில்ல. கிண்ணியாவில, மூதூரில வாங்கிக்கொண்டு போறவை சட்டியை மடியில நேரா வைச்சிருங்கோ. கரண்டி போட்ட பிறகு வெட்டின இடத்தில தண்ணி ஊறும், அதை வடிச்சிட்டு மிச்சத்தை மூடிக் குளிரில வைக்கிறது.